குளாப்: கோப்புப் பெயர்களைப் பாங்கு பார்த்துப் பிடிக்கும் சொல்

பைத்தான் நிரல்மொழியில் ஒரே மாதிரிப் பெயருள்ள கோப்புகளை மொத்தமாக அழிக்க வழி தேடினால், முதலில் கண்ணில் படும் சொல் குளாப். ‘அறிக்கை*’ என்று கொடுத்தால் அறிக்கை1, அறிக்கை_மே, அறிக்கை_இறுதி என்று அப்படித் தொடங்கும் பெயர்களை எல்லாம் ஒரு பட்டியலாகத் தரும். அழிப்பது அதன் வேலை இல்லை. பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக ரிமூவ் என்ற செயற்கூறுக்கு நாம்தான் அனுப்ப வேண்டும்.

ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லுக்கு உருண்டை, திரள் என்று பொருள் இருக்கும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இது ‘குளோபல்’ என்பதன் சுருக்கம். பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளம் பிறந்தபோது, கட்டளைகளை வாங்கி ஓட்டும் அதன் ஷெல்லுக்கு உடுக்குறியை (*) பொருந்தும் பெயர்களாக விரிக்கத் தெரியாது. கட்டளையில் அந்தக் குறியைக் கண்டதும் குளாப் என்ற தனி நிரலைக் கூப்பிடும். அது பொருந்தும் பெயர்களைத் தேடி எடுத்து, அவற்றோடு கட்டளையை ஓட்டும். 1971ஆம் ஆண்டின் முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இந்த நிரல் இருக்கிறது. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஷெல்லே அந்த வேலையை எடுத்துக்கொண்டது. நிரல் போய்விட்டது, பெயர் மட்டும் பைத்தான், பெர்ல், பிஎச்பி எல்லாவற்றிலும் தங்கிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? குளோபல் என்பதைப் பார்த்து ‘உலகளாவிய’ என்று போட்டால் பொருள் கெட்டுவிடும். பேட்டர்ன் என்பதற்குக் கணினித் தமிழில் ‘தோரணி’ என்ற சொல் உண்டு. ஆனால் புதிதாகப் படிப்பவர் அதைத் தோரணை என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. ‘பெயர்ப்பாங்கு’ என்பதே என் தேர்வு. பெயர் எந்தப் பாங்கில் அமைந்திருக்கிறது என்று பார்ப்பதுதானே இங்கே நடக்கிறது? ‘பெயர்ப்பாங்கால் தேடு’ என்று வினையாகவும் சொல்ல வருகிறது. பாங்கில் வரும் * போன்ற குறிகளை ஆங்கிலத்தில் வைல்டு கார்டு என்பார்கள், அது சீட்டாட்டத்திலிருந்து வந்தது. ஜோக்கர் எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்பதுபோல் உடுக்குறியும் கேள்விக்குறியும் எழுத்துகளுக்குப் பதிலாக நிற்கின்றன. அவற்றைப் ‘பதிலிக்குறி’ எனலாம்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கேள்விக்குறி ஓர் எழுத்துக்குப் பதிலாக நிற்கும் என்பார்கள். ஆனால் பைத்தான் எண்ணுவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு குறிகளை, நம் எழுத்துகளை அல்ல. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. பைத்தானுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. மூன்று கேள்விக்குறி போட்டால் அந்தக் கோப்பு சிக்காது, ஐந்து போட வேண்டும்.

உடுக்குறியிலும் இதே சிக்கல் உண்டு, அழிக்கும்போது அது ஆபத்தானது. ‘க*’ என்று கொடுத்தால் கடிதம் மட்டுமல்ல, கிளி, கூடு, கோயில் என்று ககர வரிசை முழுவதும் வந்துவிடும். ரிமூவ் அழித்த கோப்பு குப்பைத்தொட்டிக்கும் போகாது. அதனால் முதலில் பட்டியலைத் திரையில் அச்சிட்டுப் பாருங்கள், அப்புறம் அழியுங்கள். அதற்காக ‘கடிதம்*’ என்று முழுச் சொல்லையும் கொடுத்தால், மகரம் திரிந்து ‘கடிதங்கள்’ ஆன கோப்பு தப்பிவிடும். ‘கடித*’ என்று கொடுத்தால் இரண்டும் கிடைக்கும்.