நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்காதீர்கள்

இந்த வாரமும் ஒரு கன்று போய்விட்டது. வாழப்பாடிப் பக்கம், ஜெர்சி கலப்பு, கிடேரி, பிறந்து நான்காம் நாள். நான் போனபோது கண் உள்ளே குழிந்து, கழுத்தை ஒரு பக்கமாக மடித்துப் படுத்திருந்தது. வாய்க்குள் விரலை விட்டால் சில்லென்று இருந்தது. விரலைச் சப்பக்கூட இல்லை. வாலும் பின்னங்கால்களும் வெள்ளைக் கழிச்சலில் ஒட்டிப்போயிருந்தன.

சீம்பால் எப்போது குடித்தது என்று கேட்டேன்.

"நஞ்சு விழ மறுநாள் காலையில ஆயிருச்சுங்க டாக்டர். அதுக்கப்புறந்தானுங்க ஊட்ட உட்டோம். நல்ல ஊசியா ஒண்ணு போட்டு உடுங்க, எந்திரிச்சிரும்."

ஊசி போட்டேன், சலைனும் ஏற்றினேன். அன்று ராத்திரியே செத்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் கஞ்சர் இல்லை, மாட்டைக் கவனிக்காதவரும் இல்லை. தவிடு, புண்ணாக்கு, தாது உப்பு எல்லாம் சரியாக வைப்பவர். நஞ்சுக்கொடி விழும் முன் கன்றுக்குச் சீம்பால் ஊட்டக் கூடாது என்று அவருடைய அப்பா சொன்னதை அவர் செய்தார், அவ்வளவுதான். ஆத்தூர், ஓமலூர், தாரமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

சேலத்து வீடுகளில் இந்த நம்பிக்கை இரண்டு விதமாக உலவுகிறது. ஒன்று, நஞ்சுக்கொடி விழும் முன் மடியில் கை வைத்தால் நஞ்சு உள்ளேயே தங்கிவிடும் என்பது. இன்னொன்று, சீம்பால் கெட்டி, பச்சைக் கன்றின் வயிறு தாங்காது, கழிச்சல் பிடிக்கும் என்பது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். உண்மை நேர் எதிர். கன்று மடியை முட்டிச் சப்பும்போது மாட்டின் மூளையடிச் சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் இறங்குகிறது. பாலை இறக்கும் அதே ஆக்ஸிடோசின்தான் கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கிறது. பிள்ளை பெற்ற தாய்மார்களைக் கேளுங்கள், குழந்தை பால் குடிக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிப்பதைச் சொல்வார்கள். நஞ்சு விழ வேண்டுமென்றால் கன்றை மடியில் விடுவதுதான் வழி. அதைத் தடுத்துவிட்டு, தொங்கும் கொடியில் பழைய செருப்பையும் கல்லையும் கட்டித் தொங்கவிடுகிறார்கள். கொடி பாதியில் அறுந்து, உள்ளே தங்கியது அழுகி, மாட்டுக்கும் காய்ச்சல் வந்த பிறகு எனக்கு போன் வருகிறது. செருப்பைக் காலில் போட்டுக்கொள்ளுங்கள், ஐயா. சாதாரணமாக 12 மணி நேரத்துக்குள் நஞ்சு தானாக விழுந்துவிடும். அதைத் தாண்டினால் கூப்பிடுங்கள். கொடியை இழுக்காதீர்கள்.

ஆனால் அந்த 12 மணி நேரம் கன்றால் காத்திருக்க முடியாது. மனிதக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயின் ஆன்டிபாடிகள் (கிருமியை எதிர்க்கும் புரதங்கள்) நஞ்சுக்கொடி வழியாக அதன் ரத்தத்துக்கு வந்துவிடுகின்றன. முயலுக்கும் கினிப்பன்றிக்கும்கூடப் பிறக்கும் முன்பே கிடைத்துவிடும். பசு, எருமை, ஆடு, பன்றி, குதிரைக்கு அப்படி இல்லை. இவற்றின் நஞ்சுக்கொடி ஆன்டிபாடியை உள்ளே விடாது. கன்று தரையில் விழும்போது அதன் ரத்தத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதிர்ப்புச் சக்தி எதுவும் இல்லை. இருக்கும் ஒரே வழி சீம்பால். அதுவும் குடல் அந்தப் பெரிய புரதத்தைச் செரிக்காமல் முழுசாக ரத்தத்துக்கு விடும் நேரம் மிகக் குறைவு. முதல் சில மணி நேரம் நன்றாக விடும், ஆறு மணி நேரத்துக்குள் குறையத் தொடங்கிவிடும், 24 மணி நேரத்தில் கதவு சாத்தியாயிற்று. அதற்கப்புறம் குடம் குடமாகச் சீம்பால் ஊட்டினாலும் அது வெறும் சத்துப் பால்தான். வயிற்றுக்குள் கொஞ்சம் காவல் காக்கும், ரத்தத்துக்குப் போகாது.

இது நேற்று வந்த ஆராய்ச்சி இல்லை. 1892-இல் ஜெர்மனியில் பவுல் எர்லிக் என்ற விஞ்ஞானி எலிகளை வைத்துப் பார்த்தது. அவர் எடுத்துக்கொண்ட விஷங்களைக் கேட்டால் சேலத்துக்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: நம் மானாவாரிக் காட்டில் விளையும் ஆமணக்கு விதையின் ரிசின், ஆசாரிகள் தங்கம் நிறுத்த குன்றிமணியின் ஆப்ரின். தாய் எலிகளுக்கு இவற்றைச் சிறுகச் சிறுகக் கொடுத்துத் தாங்கும்படி பழக்கினார். அப்புறம் குட்டிகளை மாற்றி விட்டார். பழகாத தாய்க்குப் பிறந்து, பழகிய தாயிடம் பால் குடித்த குட்டிகளுக்கும் அந்த எதிர்ப்பு வந்துவிட்டது. பாலில் ஏதோ போகிறது என்று அப்போதே நிரூபணமாகிவிட்டது. (எலிக்குட்டியின் குடல் இரண்டு வாரத்துக்கு மேலேயும் திறந்திருக்கும். கன்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆய்வக எலியில் கண்டதை அப்படியே மாட்டுக்குப் பொருத்தக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.) கன்றிலேயே செய்து பார்த்தவர்கள் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் ரால்ஃப் லிட்டிலும், 1922-இல். சீம்பால் இல்லாமல் வளர்த்த கன்றுகளில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே செத்தன. கொன்றது அபூர்வமான நோய் ஒன்றும் இல்லை, எல்லாக் கொட்டகைச் சாணத்திலும் கிடக்கும் ஈ.கோலை கிருமி. நூறு வருஷம் தாண்டியும் வாழப்பாடியில் அதே சோதனையை நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

இரண்டாவது நம்பிக்கைக்கு வருகிறேன். சீம்பால் குடித்தால் கன்றின் சாணம் இளகும். அது பிறக்கும்போதே குடலில் இருந்த கரும்பச்சைப் பிசின் வெளியேறுவது. நல்லதுதான், பயப்பட வேண்டாம். எருமை வைத்திருப்பவர்கள் வேறொன்று சொல்வார்கள்: "பால்ல பூச்சி இறங்குதுங்க." அதில் உண்மை இருக்கிறது. எருமையின் உடம்பில் தங்கியிருக்கும் உருளைப்புழுவின் குஞ்சுகள் பால் வழியாகக் கன்றுக்குப் போகும். அதற்காகச் சீம்பாலை நிறுத்துவதா? பத்து நாள் தாண்டியதும் குடற்புழு மருந்து கொடுத்தால் தீர்ந்தது.

சீம்பால் கட்டி எனக்கும் பிடிக்கும். வெல்லமும் ஏலக்காயும் தட்டிப் போட்டு ஆவியில் வைத்தால் கிண்ணத்தில் திட்டுத் திட்டாக உறைந்து நிற்கிறதே, சாதாரணப் பால் ஏன் அப்படி உறைவதில்லை என்று யோசித்ததுண்டா? சீம்பாலில் ஆன்டிபாடியும் மற்ற புரதங்களும் மிக அதிகம். சூடு பட்டதும் அவை வெந்து இறுகுகின்றன. கன்றின் ரத்தத்துக்குப் போக வேண்டியதைத்தான் கத்தியால் துண்டு போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிறோம். முதல் கறவையை விட்டுவிடுங்கள். கன்று வயிறு நிறையக் குடித்தபின் மிச்சம் இருந்தால், இரண்டாவது மூன்றாவது கறவையில் செய்யுங்கள். அவ்வளவு கெட்டியாக வராது, பரவாயில்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? கன்று விழுந்ததும் மூக்கையும் வாயையும் துடையுங்கள், மாடு நக்கட்டும், தொப்புளில் டிஞ்சர் அயோடின் வையுங்கள். மடியைக் கழுவி, காம்பில் முதல் இரண்டு பீச்சை வெளியே விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஊட்ட விடுங்கள். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், அதுவும் ஆறு மணி நேரத்துக்குள். "நாலு தடவை முட்டிச்சுங்க" என்பது அளவு ஆகாது. எழுந்து நிற்காத கன்றுக்குக் கறந்து, நிப்பிள் பாட்டிலில் கொடுங்கள். தலையை அண்ணாந்து பிடித்து மூங்கில் குழாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய், கழிச்சலில் பிழைத்தது சளியில் சாகும். ஏற்காட்டில் மார்கழிப் பனியில் பிறக்கும் கன்றை முதலில் சாக்கால் தேய்த்துக் காய வையுங்கள். உடம்பு விறைத்த கன்று சப்பாது. காளைக்கன்றுக்கும் இதே அளவுதான், அது பால் கறக்காது என்பதற்காகக் குறைக்காதீர்கள்.

மிச்சச் சீம்பாலைச் சுத்தமான பாட்டிலில் ஊற்றித் தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள், மாதக்கணக்கில் கெடாது. தாய் செத்துப்போன கன்றுக்கும், மடிநோய் வந்த மாட்டின் கன்றுக்கும் அது உயிர். உருக்கும்போது கை பொறுக்கும் வெந்நீரில் பாட்டிலை நிறுத்துங்கள், அடுப்பில் மட்டும் ஏற்றாதீர்கள். பால் சொசைட்டிக்காரர்கள் ஊருக்கு ஒரு ஃப்ரீசரில் நாலு பாட்டில் வைத்திருந்தால் எத்தனையோ கன்று பிழைக்கும். கேட்டுப் பாருங்கள்.

வீரகனூர் சந்தையில் நிறைசினை மாடு பிடித்து வருபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாடு தான் வாழ்ந்த கொட்டகையின் கிருமிகளுக்குத்தான் ஆன்டிபாடி வைத்திருக்கும், உங்கள் கொட்டகைக் கிருமிகளுக்கு அல்ல. கன்று போட ஒரு வாரம் இருக்கும்போது வாங்கி வந்தால் புது இடத்துக்கான எதிர்ப்பு சீம்பாலில் சேர நேரமே இருக்காது. இரண்டு மாதம் முன்பே, வற்றுக்காலத்திலேயே வாங்குங்கள். முடியாவிட்டால், உங்கள் பழைய மாட்டின் சீம்பால் ஃப்ரீசரில் இருந்தால் அதையே முதலில் கொடுங்கள்.