குறியே இல்லாத பழைய கைத்துப்பாக்கி: எந்த ஊர்ச் சரக்கு?

பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து ஒரு கைத்துப்பாக்கி இறங்கும். குழல் வாய் வழியே கரிமருந்தும் குண்டும் போட்டுக் கிட்டிக்கும் வகை. பெயர், எண், முத்திரை ஒன்றும் இருக்காது. தரங்கம்பாடிப் பக்கம் என்றால் ‘டேனிஷ்காரன் விட்டுப்போனது’, காரைக்கால் என்றால் ‘பிரெஞ்சுக்காரன் கொடுத்தது’, தஞ்சாவூர் என்றால் ‘அரண்மனைச் சாமான்’. கதை ஊருக்கு ஊர் மாறும். பொருளோ பல நேரம் 1960க்குப் பிறகு செய்த நகல்.

எந்த நாடு என்று பார்ப்பதற்கு முன்னால், உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் வெடிக்கும். வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, குதிரையை (சுடும்போது அடிக்கும் சுத்தியல் பாகம்) தொடாமல், ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் மெதுவாக விடுங்கள். இரும்புக் கம்பி கூடாது. குச்சி நின்றதும் வாய் விளிம்புக்கு நேராகப் பென்சில் கோடு போட்டு வெளியே எடுத்து, குழலின் மேல் அதே கோட்டை வாயோடு பொருத்தி வையுங்கள். குச்சியின் முனை, பக்கவாட்டில் தீ உள்ளே போகும் சிறு துளைக்கு நேரே, அல்லது கேப்பு (குதிரை அடித்தால் தீப்பொறி தரும் சிறு உலோகக் குப்பி) மாட்டும் நிப்பிள் என்ற சின்னக் குழாயின் அடிவரை வர வேண்டும். ஒரு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது குளவிக்கூடாகவும் இருக்கலாம். ஆனாலும் குத்திப் பார்க்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

காலியாக இருந்தாலும் சட்டம் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குப் பிரிவு 45இல் விலக்கு உண்டு. ஆனால் சுடுமா சுடாதா என்பது வீட்டுக்காரர் தீர்மானிக்கிற விஷயம் இல்லை. கீழே வரும் பிரித்துப் பார்க்கும் வேலையும் காவல் துறைக்குத் தெரிந்து, உரிமம் உள்ள ஆயுத வியாபாரியின் பட்டறையில்தான் நடக்க வேண்டும்.

குறி இல்லை என்பதே ஒரு தகவல். இத்தாலி, ஸ்பெயின், பெல்ஜியம் மூன்றிலும் சுடக்கூடிய துப்பாக்கி, சுட்டுப் பார்த்துத் தேறியதற்கான சோதனை முத்திரை இல்லாமல் கடைக்கு வராது. அந்த முத்திரை அநேகமாகக் குழலின் அடியில், மரத்துக்குள் மறைந்திருக்கும். இத்தாலியச் சரக்கில் நட்சத்திரத்துக்குக் கீழே ‘பிஎன்’ என்று இருந்தால் கரிமருந்துச் சோதனை. பக்கத்தில் சின்னச் சதுரத்துக்குள் ரோமன் எண் இருந்தால் அதோடு 1944ஐக் கூட்டுங்கள், வருடம் வந்துவிடும்: 20 என்றால் 1964, 30 என்றால் 1974. 1975 முதல் இரட்டை எழுத்து. குழலைக் கழற்றியும் ஒன்றும் இல்லையென்றால், தட்டையான முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஓரிடத்தில் மட்டும் அடியில் வெளிச்சம் கசிந்தால் அங்கே அரம் போட்டு எதையோ எடுத்திருக்கிறார்கள். கம்பெனித் துப்பாக்கி என்று சொல்லி விற்பவரிடமும் குறியைக் கேளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி இதய வடிவ முத்திரையும், 1808 முதல் நின்ற சிங்கமும் அடித்தது.

அடுத்து ஸ்க்ரூ மரை. பொய் சொல்லத் தெரியாத பாகம் இதுதான். பிட்ச் கேஜை (மரையின் இடைவெளியை அளக்கும் பல் தகடு) வைத்தால் நிப்பிள் மரை 6 மில்லிமீட்டர், 0.75 இடைவெளி என்று வந்தால் இத்தாலியைச் சந்தேகிக்கலாம். 6க்கு 1 என்றால் ஸ்பெயின். கால் அங்குலம், அங்குலத்துக்கு 28 மரை என்றால் அமெரிக்கச் சந்தைக்குச் செய்தது. நிப்பிளை யாரும் பின்னால் மாற்றியிருக்கலாம் என்பதால் பூட்டுத் தகட்டு (குதிரையும் அதை இயக்கும் பாகங்களும் பொருத்திய தகடு) ஸ்க்ரூவையும் சேர்த்தே பாருங்கள். ஒரே பூட்டில் ஒரு ஸ்க்ரூ மெட்ரிக், இன்னொன்று விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல மரை என்று கலந்து வந்தால் கைக்குக் கிடைத்ததைப் போட்ட உள்நாட்டுப் பட்டறையை நினைக்கலாம். உண்மையான பழையதில் ஒவ்வொரு ஸ்க்ரூவும் தனித்தனியாக வெட்டியது. ஒன்றின் துளையில் இன்னொன்று இறங்காது. எது எதற்கு என்று தெரிய அரத்தால் கீறிய சிறு கோடுகள் இருக்கும்.

குதிரையின் உட்பக்கத்தில் விரல் நகத்தை ஓட்டுங்கள். மெல்லிய வரம்பு தட்டினால் வார்ப்பு. சிலை வார்க்கும் சுவாமிமலைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய நல்ல பூட்டில் குதிரை அடித்துச் செய்த இரும்பு. குழலில் காந்தமே ஒட்டவில்லை, பித்தளை நிறமும் இல்லை என்றால் துத்தநாகக் கலவையில் செய்த அலங்காரப் பொருள். ஸ்பெயினின் டெனிக்ஸ் போன்ற நிறுவனங்கள் இப்படிச் சுவரில் மாட்டுவதற்கென்றே செய்கின்றன.

மரத்தின் நிறத்தை வெளியே பார்க்காதீர்கள், அது சாயம். குழல் படுக்கும் பள்ளத்தில் பாருங்கள். வெளிறிய பீச் மரம் ஸ்பெயின் பக்கம் கை காட்டும். கனமான சீசமோ தேக்கோ இந்தியப் பட்டறை. பள்ளம் ஒரே சீராக, முனை அரைவட்டமாக இருந்தால் மெஷின் குடைந்தது. உளி தடம் அப்படி ஒழுங்காக ஓடாது.

துருவும் பேசும். சுட்ட துப்பாக்கியில் கரிமருந்தின் உப்பு ஈரத்தை இழுத்து, தீத்துளையைச் சுற்றித்தான் இரும்பை முதலில் தின்னும். அந்த இடம் மழமழவென்று இருக்க, மற்ற இடமெல்லாம் ஒரே செம்மஞ்சளாகப் பொரிந்திருந்தால் ஆசிட்டிலோ உப்புத் தண்ணீரிலோ ஊறியது. நாகப்பட்டினம் உப்புக்காற்று இதைவிட நியாயமாகத் துருப்பிடிக்க வைக்கும்.

டேனிஷ் கதைக்கு ஒரு எளிய கேள்வி: சக்கிமுக்கிக் கல்லா, கேப்பா? கேப்பு முறை பரவியது 1820களில். டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை விற்றது 1845இல். 1700களில் வந்தது என்று சொல்லிக் கேப்புத் துப்பாக்கியைக் காட்டினால் கதை அங்கேயே நிற்கிறது. கல் முறைக்குப் பிற்காலத்தில் கேப்பு பொருத்திக்கொண்டவையும் உண்டு. அப்படியானால் பூட்டுத் தகட்டில் பழைய ஸ்க்ரூ துளைகளை அடைத்த வட்டங்கள் தெரியும்.

பாலிஷ் கடைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பஃப் சக்கரம் பத்து நிமிடத்தில் அரத்தடம், வார்ப்பு வரம்பு, அரைகுறையாக மிஞ்சிய முத்திரை எல்லாவற்றையும் வழித்துவிடும். அதற்குப் பிறகு பிட்ச் கேஜ் ஒன்றுதான் கையில் மிஞ்சும்.