போரில் சிறைப்பட்டுத் திரும்பிய படைவீரர்: சேலத்தில் என்ன கேட்கலாம், எங்கே கேட்கலாம்?

எதிரியின் சிறையிலிருந்து உயிரோடு திரும்பிய படைவீரருக்கென்று தனி ஓய்வூதியமோ தனிப் பதக்கமோ நம் நாட்டில் இல்லை. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இல்லாத படிவத்தைத் தேடியே பல வீடுகளில் காலம் போய்விடுகிறது. கிடைக்க வேண்டியவை வேறு தலைப்புகளில் இருக்கின்றன.

1962இல் சீனப் படையிடம் சிக்கியவர்களில் பெரும்பாலோர் மறு வருடம் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் இன்று இருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். 1971 போரில் சிக்கியவர்களுக்கும் எழுபத்தைந்து வயதை ஒட்டி இருக்கும். ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

பிடிபட்டதை வெளியில் சொல்லக் கூசும் பெரியவர்கள் உண்டு. கூச ஒன்றுமே இல்லை. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டப்படி, கடமையில் அலட்சியமாக இருந்து பிடிபடுவதும், பிடிபட்டபின் மனமுவந்து எதிரிக்கு உதவுவதும் போன்றவைதான் குற்றம். சண்டையில் சிக்கிக்கொள்வது குற்றமில்லை. அதே சட்டத்தின் 91ஆம் பிரிவு சிறைப்பட்ட நாட்களின் சம்பளத்தைப் பிடித்தம் செய்ய இடம் தருகிறது. 97ஆம் பிரிவு அந்தப் பிடித்தத்தைத் தள்ளுபடி செய்ய வழி விடுகிறது. 99ஆம் பிரிவு சிறைப்பட்டவரின் சம்பளத்திலிருந்து குடும்பத்துக்குக் கொடுக்க இடம் தருகிறது. எனவே படையிலிருந்து விடுவிக்கும்போது தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து, சேவைக் காலத்தில் ஏதேனும் நாட்கள் கழிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சிறையில் இருந்த மாதங்கள் கழிக்கப்பட்டிருந்தால், அவர் படைப்பிரிவின் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிக் காரணம் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. சிறைப்பட்ட தேதி, திரும்பிய தேதி இரண்டையும் உறுதிசெய்து தரும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள். அவர் பட்ட பாட்டுக்கு அரசின் கையெழுத்தோடு ஒரு தாள் வீட்டில் இருப்பது, குடியரசு தின மேடையில் போடும் சால்வையைவிடப் பெரிய மரியாதை என்பது என் எண்ணம்.

உடல் பாதிப்போடு படையிலிருந்து அனுப்பப்பட்டவர் என்றால் விஷயம் இன்னும் முக்கியம். சாதாரண ஊன ஓய்வூதியம் வேறு, போர்க்காய ஓய்வூதியம் வேறு. இரண்டாவதில் தொகை அதிகம். பாதுகாப்பு அமைச்சகத்தின் 31.1.2001 ஆணை பாதிப்புகளை ஏ (A) முதல் ஈ (E) வரை வகைப்படுத்துகிறது. அந்நிய நாட்டுப் போரில் எதிரியின் செயலால் வந்த பாதிப்பு ஈ (E) வகை. அந்த வகைக்கே போர்க்காய ஓய்வூதியம். ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமில்லை என்று மறுத்திருந்தால், தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னதை நினைவில் வையுங்கள்: படையில் சேரும்போது பதிவாகாத நோய் பணியால் வந்ததாகவே கொள்ளப்படும், இல்லையென்று நிரூபிக்க வேண்டியது அரசுதான். கடிதத்துக்குப் பலன் இல்லையென்றால் படைவீரர்களின் பணி, ஓய்வூதிய வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில் இருக்கிறது.

பதினைந்து வருடம் நிறையாமல் வெளியே வந்தவர்களில் பலருக்கு ஓய்வூதியமே கிடையாது. அப்படி ஓய்வூதியம் இல்லாமல் வறுமையில் இருக்கும் அறுபத்தைந்து வயதைக் கடந்த முன்னாள் வீரருக்கும், அப்படிப்பட்டவரின் விதவைக்கும், முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மத்திய சைனிக் வாரியம் மாத உதவி தருகிறது. ஹவில்தார் பதவி வரை இருந்தவர்கள் கேட்கலாம். 4,000 ரூபாயாக இருந்த இந்தத் தொகை 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாய்.

ஓய்வூதியம் வாங்குபவராக இருந்தால் 80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம், 85இல் 30, 90இல் 40 என்று கூடுதல் சேர வேண்டும். சேர்ந்திருக்கிறதா என்று பாஸ்புக்கில் பார்த்துவிடுங்கள். பி.பி.ஓ.வில் பிறந்த தேதி விடுபட்டிருந்தாலோ தவறாக இருந்தாலோ இது சேராமல் நின்றுவிடும்.

எங்கே போவது? சேலம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு. சைனிக் வாரிய விண்ணப்பமும் அதன் வழியாகத்தான் மேலே போகும். ஏற்காடு மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் வருமானச் சான்றை ஏற்காடு தாலுகா அலுவலகத்திலேயே முடித்துக்கொண்டு இறங்கினால் ஒரு பஸ் பயணம் மிச்சம். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலைக் கொடுங்கள், அசலைக் கையிலிருந்து விடாதீர்கள். அலுவலகத்தில் வேலை நகராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.

பின்னால் மனைவிக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியம் சிக்கலில்லாமல் வர இன்னொன்றும் பாருங்கள். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் ஒரு மாதிரியும் படைப் பதிவில் வேறு மாதிரியும் இருந்தால், பெரியவர் இருக்கும்போதே, அவர் கையெழுத்தோடு திருத்தச் சொல்லி ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிவிடுங்கள்.