அட்வகசி: பரிந்து பேசுவதா, வாதாடுவதா?

சமூகப்பணிப் பாடநூலில் வரும் ‘அட்வகசி’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது? அதன் வேரிலிருந்து தொடங்குவோம். லத்தீனில் ‘அட்’ என்றால் நோக்கி, ‘வொகாரே’ என்றால் அழைத்தல். பழைய ரோமில் வழக்கில் மாட்டிக்கொண்டவர் துணைக்கு வந்து நிற்கச் சொல்லிக் கூப்பிடும் ஆள்தான் ‘அட்வொகாட்டஸ்’. வாதாடும் பேச்சாளர் பெரும்பாலும் வேறொருவர். வக்கீல் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழில் இதற்கு நெருக்கமான பேச்சுச் சொல் வக்காலத்து. அரபியிலிருந்து வந்தது, வக்கீலுக்கும் அதே வேர். ஆனால் ‘அவனுக்கு நீ என்ன வக்காலத்து?’ என்று கேட்டுக் கேட்டே அதில் நக்கல் ஏறிவிட்டது, பாடநூலுக்கு ஆகாது. பரிந்துரையோ மருத்துவமனையில் வேறு வேலைக்குப் போய்விட்டது.

சரி, சிகிச்சைசார் சமூகப்பணியில், அதாவது மனநல ஆலோசனையும் சிகிச்சையும் சேர்ந்த கிளினிக்கல் சோஷியல் வொர்க்கில், அட்வகசி எதைக் குறிக்கிறது? இரண்டு வேலைகளை. ஒன்று, உதவி நாடி வருபவருக்காகப் பேசுவது. 1905-இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டாக்டர் ரிச்சர்ட் கேபட் சமூகப்பணியாளரை அமர்த்தியதே, நோயாளியின் வீடும் வேலையும் தெரியாமல் மருந்து எழுதி என்ன பயன் என்றுதான். அடுத்த ஆண்டு வந்த ஐடா கேனன் அந்தத் துறையைப் பல்லாண்டு வளர்த்தார். 1969-இல் அமெரிக்கத் தேசிய சமூகப்பணியாளர் சங்கத்தின் குழு ஒன்று, வேலை தரும் நிறுவனத்துக்கும் உதவி பெறுபவருக்கும் முரண் வந்தால் உதவி பெறுபவர் பக்கமே முதலில் நிற்கவேண்டும் என்கிற அளவுக்குப் போனது. சம்பளம் தருபவரை எதிர்த்து நிற்பது எழுதுவதற்குச் சுலபம்!

இன்னொன்று, தொழிலுக்காகவே வாதாடுவது: உரிமம், காப்பீட்டுக் கட்டணம், அங்கீகாரம். 1989-இல் வந்த அமெரிக்கச் சட்டம் இந்தச் சமூகப்பணியாளர்களின் சிகிச்சைக்கு மெடிகேர், அதாவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, நேரடியாகப் பணம் தர வழிசெய்தது, அதுவும் உளவியலாளருக்குத் தருவதில் 75 விழுக்காடுதான்.

இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்தது 1996-இல், ஜாஃபி – ரெட்மண்ட் வழக்கில். ஒருவரைச் சுட்டுக் கொன்ற போலீஸ் அதிகாரி அப்புறம் உரிமம் பெற்ற சமூகப்பணியாளர் ஒருவரிடம் சுமார் 50 அமர்வுகள் ஆலோசனை பெற்றிருந்தார், இறந்தவரின் குடும்பம் தொடுத்த வழக்கில் அந்த அமர்வுக் குறிப்புகளைக் கேட்டபோது இருவருமே தர மறுத்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7–2 என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மனநல மருத்துவரிடம் பேசினால் மட்டும்தான் இரகசியமா, அவரிடம் போக வசதியில்லாத ஏழைகள்தானே பெரும்பாலும் சமூகப்பணியாளரிடம் வருகிறார்கள் என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்காலியாவோ இந்த இரகசியம் காக்கும் சலுகையைச் சமூகப்பணியாளர்வரை நீட்டுவதைச் சாடி எழுதினார்.

ஆகவே ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்பேன். முதல் பொருளுக்குப் ‘பரிந்து பேசல்’, பரிவு என்ற வேரே உள்ளே இருக்கிறது. இரண்டாவதற்குத் ‘தொழிலுரிமை வாதாடல்’. பரப்புரை என்று எழுதுகிறவர்களும் உண்டு, அது தேர்தல் மேடைக்குப் பொருந்தும், நோயாளியின் கட்டில் பக்கத்தில் பொருந்தாது.