டிராஃப்ட் இரவில் ரசிகர் போடும் மார்க் எதை அளக்கிறது?

1999 ஏப்ரலில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லின் டிராஃப்ட், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, நடந்தது. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ரசிகர்கள் சுமார் முப்பது பேரை அந்த ஊர் விளையாட்டு வானொலி ஒன்று பஸ் ஏற்றி அனுப்பியிருந்தது. அவர்களுக்கு வேண்டியது ஒரே ஆள். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ரிக்கி வில்லியம்ஸ், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்களை இடித்துத் தள்ளி ஓடுகிறவர், சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை அப்போதுதான் வாங்கியிருந்தவர். ஈகிள்ஸின் முறை வந்தது, மொத்தத்தில் இரண்டாவது தேர்வு. மேடையில் வாசித்த பெயர் டானவன் மெக்நாப், குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். அவ்வளவுதான், வந்திருந்த கூட்டம் ஊளையிட ஆரம்பித்தது, அது நாடு முழுக்க டிவியில் ஒலித்தது. 22 வயதுப் பையன், வாழ்க்கையின் பெரிய நாள், மேடையேறினால் சொந்த அணி ரசிகர்களே கூச்சல் போடுகிறார்கள்.

அப்புறம் நடந்தது தெரிந்ததுதான். மெக்நாப் ஆறு முறை புரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார், அணியை ஐந்து முறை கான்ஃபரன்ஸ் (லீகின் ஒரு பாதி) இறுதிப்போட்டிக்கும் ஒரு முறை லீக் கோப்பைக்கான சூப்பர் பவுலுக்கும் கொண்டுபோனார். வில்லியம்ஸை நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் எடுத்தது. அதற்காக அந்த ஆண்டின் தன் தேர்வுகள் அத்தனையையும், போதாதென்று அடுத்த ஆண்டின் முதல் சுற்று, மூன்றாம் சுற்றுத் தேர்வுகளையும் வாஷிங்டன் அணியிடம் கொடுத்துவிட்டது. அந்த சீசனில் 16 போட்டிகளில் மூன்றுதான் ஜெயித்தார்கள், பயிற்சியாளர் மைக் டிட்காவின் வேலை போயிற்று.

இதை வைத்து ரசிகர்கள் முட்டாள்கள் என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். வில்லியம்ஸ் ஒன்றும் சோடைபோகவில்லை; 2002இல் மயாமிக்காக 1,853 யார்டு ஓடி லீகிலேயே முதலிடம் பிடித்தார். ரசிகர்கள் ஆளைச் சரியாகத்தான் கணித்தார்கள். குவார்ட்டர்பேக்குக்கும் ஓட்டக்காரருக்கும் ஒரே தராசு போட்டதில்தான் சறுக்கினார்கள். நல்ல ஓட்டக்காரர் பின்னால் வரும் சுற்றுகளிலும் கிடைப்பார், நல்ல குவார்ட்டர்பேக் லேசில் கிடைக்கமாட்டார்.

டிராஃப்ட் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இது ஐபிஎல் ஏலம் மாதிரி பணம் கூட்டிக் கூட்டிக் கேட்கும் விஷயமில்லை. 32 அணிகள், ஏழு சுற்றுகள், முந்தைய சீசனில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் தேர்வு, கோப்பை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி. கல்லூரியில் ஆடிய பையன்களில் சுமார் 250 பேர் மூன்று நாளில் பங்கு பிரிக்கப்படுவார்கள். காசு இல்லாவிட்டாலும் விலை உண்டு, ஏனென்றால் தேர்வு இடங்களை அணிகள் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம். 1936இல் நடந்த முதல் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் என்எஃப்எல்லில் ஒரு போட்டிகூட ஆடவில்லை. எடுத்த அணி எது தெரியுமா? இதே ஃபிலடெல்ஃபியா.

சரி, டிராஃப்ட் முடிந்த இரவே ஒவ்வொரு ரசிகரும் தன் அணிக்கு ஏ, பி, சி என்று மார்க் போடுகிறாரே, அந்த நேரத்தில் அவர் கையில் என்ன இருக்கிறது? பையன்கள் யாரும் என்எஃப்எல் மைதானத்தில் கால் வைக்கவில்லை. இருப்பது அவரே மனதில் எழுதி வைத்த ஒரு பட்டியல், அணியில் எந்த இடம் ஓட்டை என்ற எண்ணம், இரண்டு மாதமாகப் படித்த உத்தேசக் கணிப்புகள். ஆக அவர் போடும் மார்க் வீரரின் தரத்தை அளக்கவே முடியாது. ரசிகரின் பட்டியலுக்கும் அணியின் பட்டியலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைத்தான் அது அளக்கிறது. நாம் நாற்பதாவது என்று நினைத்த ஆளை அணி பதினைந்தாவதில் எடுத்தால் உடனே டி. 2012இல் சியாட்டில் அணிக்கு நடந்தது இதுதான். முதல் சுற்றில் புரூஸ் இர்வின், 47ஆவதாக பாபி வாக்னர், 75ஆவதாகக் குட்டை என்று பலர் ஒதுக்கிய குவார்ட்டர்பேக் ரஸல் வில்சன். எழுதுகிறவர்கள் பலர் அந்த டிராஃப்டைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவர்களின் இரண்டாவது சீசனிலேயே அந்த அணி சூப்பர் பவுல் ஜெயித்தது.

நூறு பேர் கணிப்பைக் கூட்டிச் சராசரி எடுத்தால் தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு உண்மை மிஞ்சும் என்று ஒரு வாதம் உண்டு, அது தவறில்லை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தவறு செய்யவேண்டும். டிராஃப்ட் பட்டியல்கள் அப்படி உருவாவதில்லை. ஒருவர் ஒரு பையனை மேலே ஏற்றினால் அதைப் பார்த்து பத்துப் பேர் ஏற்றுவார்கள், அந்தப் பத்தைப் பார்த்து ஆயிரம் பேர். கடைசியில் ஆயிரம் பட்டியலும் ஒரே தவறைச் செய்யும்போது சராசரி எதை அடித்துக் கழிக்கும்?

அடுத்தது பாசம். எடுக்கும்வரை "இவனா, கை நடுங்குமே" என்று சொன்ன ஆள், எடுத்தபின் அதே பையனின் அதே வீடியோவைப் போட்டுப் பார்த்து "கையைப் பார், என்ன வேகம்" என்பார். இதற்கு ஒரு பழைய, அழகான ஆய்வு இருக்கிறது, அதுவும் ஃபுட்பால் ஆய்வுதான். 1951இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரிகளுக்கு இடையே ஒரு முரட்டுப் போட்டி நடந்தது. ஒரு பக்கம் மூக்கு உடைந்தது, மறு பக்கம் கால் முறிந்தது. ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் ஒரே படச்சுருளை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் வீரர்கள் செய்ததாக டார்ட்மத் மாணவர்கள் குறித்தது சராசரியாக நான்கைத் தாண்டிக் கொஞ்சம். பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்தது பத்துக்குக் கொஞ்சம் குறைவு. யாரும் பொய் சொல்லவில்லை, அவரவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. 1954இல் வெளியான இந்த ஆய்வைப் படித்துவிட்டு யூடியூபில் சொந்த அணி ஆளின் ஹைலைட்ஸ் பார்ப்பது கொஞ்சம் சங்கடமான அனுபவம்.

ரசிகரை விடுங்கள், முழு நேரம் இதற்கே சம்பளம் வாங்குகிறவர்கள் எப்படி? பொருளாதார நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலரும் கேட் மேஸியும் சேர்ந்து இதைத் தோண்டினார்கள், ஆய்வு 2013இல் இதழில் வெளியானது. அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரு டிராஃப்டில் ஓர் அணி ஒரு ரிசீவரை (எறிந்த பந்தைப் பிடிக்கிறவர்) எடுக்கிறது, அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து அடுத்த ரிசீவரை வேறோர் அணி எடுக்கிறது. முதலில் எடுக்கப்பட்டவர் இரண்டாமவரைவிட நன்றாக ஆட எவ்வளவு வாய்ப்பு? எல்லா இடங்களையும் எல்லா ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் வந்த விடை, நாணயம் சுண்டுவதைவிட ஏதோ கொஞ்சம் மேல். நூற்றுக்கணக்கான மணிநேர வீடியோ, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் செய்து அடுத்தடுத்த இரண்டு பேரில் யார் தேவலை என்று சொல்லத் தெரியவில்லை என்றால், வீட்டு சோபாவிலிருந்து நமக்குத் தெரியுமா?

ஏன் தெரியவில்லை என்பதற்கு இண்டியானாபொலிஸில் ஆண்டுதோறும் நடக்கும் கம்பைன் என்ற உடற்தேர்வைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். 40 யார்டு ஓட்டம், அதாவது 36 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நின்ற இடத்திலிருந்து குதிப்பது. 102 கிலோ எடையைத் தூக்கித் தூக்கி இறக்குவது. எல்லாம் நேர்த்தியாக அளக்கக்கூடியவை. ஆனால் குவார்ட்டர்பேக்கின் வேலை என்ன? பந்து கைக்கு வந்த மூன்று விநாடிக்குள், நான்கு மலைகள் மேலே விழ ஓடிவரும்போது, தூரத்தில் யார் இன்னும் அரை விநாடியில் காலியாக இருப்பான் என்று ஊகித்து எறிவது. அதை அளக்கக் கருவி இல்லை. தலைசிறந்த குவார்ட்டர்பேக் என்று பலர் சொல்லும் டாம் பிரேடி 2000இல் அந்த 40 யார்டை 5.28 விநாடியில் ஓடினார், அந்த வேலைக்குக்கூட அது மந்தம். 199ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார், அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போயிருந்தார்கள். மெக்நாப் போன அந்த ஒரே சூப்பர் பவுலில் எதிரே நின்று ஜெயித்தவரும் இவர்தான்.

பிரேடியைப் பற்றிப் பேசினால், அவரை எடுத்த அணியைச் சொல்லி "பேட்ரியட்ஸ் என்ன ஞானம்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அந்த டிராஃப்டில் பேட்ரியட்ஸும் பிரேடிக்கு முன்னால் வேறு ஆறு பேரை எடுத்தது. தெரிந்திருந்தால் 199 வரை யாராவது காத்திருப்பார்களா? முடிவு தெரிந்தபின் அது முன்பே தெரிந்ததுபோல் தோன்றுவதை 1970களிலேயே பாருக் ஃபிஷாஃப் சோதித்துக் காட்டினார். 1972இல் நிக்சன் சீனாவுக்கும் சோவியத்துக்கும் போவதற்கு முன் இன்னின்னது நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று மாணவர்களிடம் எழுதி வாங்கி, பயணம் முடிந்தபின் "நீங்கள் அன்று என்ன எழுதினீர்கள்" என்று கேட்டால், நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் அதிக வாய்ப்புக் கொடுத்ததாகவே நினைவுகூர்ந்தார்கள். "அன்னிக்கே சொன்னேன்" என்கிற ரசிகர் பெரும்பாலும் பொய் சொல்லவில்லை, நினைவு அப்படித் திருத்தி எழுதப்பட்டிருக்கிறது. ஏப்ரலில் ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வைத்தால்தான் உண்டு.

மூன்று வருடம் பொறுத்து மார்க் போடுங்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதிலும் ஓட்டை இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ 49ர்ஸ் 2021இல் மூன்றாவது இடத்துக்கு ஏறி குவார்ட்டர்பேக் டிரே லான்ஸை எடுக்க மூன்று ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் மயாமிக்குக் கொடுத்தது. 2022இல் அதே அணி, டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆவது இடத்தில் இன்னொரு குவார்ட்டர்பேக் பிராக் பர்டியை எடுத்தது. லான்ஸின் கணுக்கால் உடைந்தது, மாற்று ஆளான கரோப்போலோவின் பாதம் உடைந்தது, வேறு வழியில்லாமல் பர்டி இறங்கினார், அடுத்த சீசனில் அணி சூப்பர் பவுல் வரை போனது. லான்ஸை ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டாலஸிடம் தள்ளிவிட்டார்கள். இரண்டு எலும்பு உடையாமல் இருந்திருந்தால் பர்டியை யாருக்குத் தெரியும்? இது தேர்வுக் குழுவின் திறமையா, எலும்பின் விதியா?

வாய்ப்பு கிடைப்பதுமே சமமாக நடப்பதில்லை. கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஸ்டா, ஹோங் இருவரும் 1995இல் காட்டியது இது: ஒரே அளவு நன்றாக ஆடும் இருவரில், டிராஃப்டில் முன்னால் எடுக்கப்பட்டவருக்கு ஆட்ட நேரம் அதிகம், அவர் லீகில் அதிக காலம் தாக்குப்பிடிக்கிறார். விலை கொடுத்து வாங்கியதை மூலையில் வைக்க மனசு வராது. முன்னால் எடுக்கப்பட்டதே அவர் வெற்றிக்கு ஒரு காரணமாகிவிடும்போது, அந்த வெற்றியைக் காட்டி எடுத்தது சரி என்று எப்படி மார்க் போடுவது?

அப்படியானால் டிராஃப்ட் இரவில் எதற்குத்தான் மார்க் போடுவது என்றால், என் பதில்: விலைக்கும் எண்ணிக்கைக்கும். 1990களின் தொடக்கத்தில் டாலஸ் கௌபாய்ஸ் அணியில் ஒரு விலைப்பட்டியல் தயாரித்தார்கள், பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெயரில் அது லீக் முழுக்கப் பரவியது. முதல் தேர்வுக்கு 3,000 புள்ளி, இரண்டாவதற்கு 2,600, சரசரவென்று இறங்கி 32ஆவதற்கு 590. அதாவது முதல் ஆள் ஒருவர், 32ஆவது ஆள் ஐந்து பேருக்குச் சமம். தேலரும் மேஸியும் பார்த்தபோது வீரர்களின் ஆட்டம் இவ்வளவு செங்குத்தாக இறங்கவில்லை, நிதானமாகத்தான் இறங்கியது. சம்பளத்தையும் கழித்துப் பார்த்தால் அப்போதைய நிலவரப்படி இரண்டாம் சுற்றுத் தேர்வுதான் அதிக லாபம் கொடுத்தது. (2011இல் புதியவர்களின் சம்பளத்துக்குக் கடிவாளம் போட்டபின் இந்தப் பகுதி மாறிவிட்டது. 2010இன் முதல் தேர்வு சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உத்தரவாதம், 2011இன் முதல் தேர்வு கேம் நியூட்டனுக்கு மொத்தமே 2.2 கோடி.) யார் நன்றாக வருவார் என்பது கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதுதான் என்றால் அதிக முறை சுண்டுகிறவன் புத்திசாலி. கீழே இறங்கி இரண்டு மூன்று தேர்வு சேர்த்துக்கொண்ட அணிக்கு, ஆட்களின் பெயரைப் பார்க்காமலே நல்ல மார்க் போடலாம்.

இந்த விதியை வைத்து 2017க்குப் போவோம். கான்சஸ் சிட்டி 27ஆவது இடத்திலிருந்து 10ஆவதுக்கு ஏற, பஃபலோவுக்குத் தன் 27ஆவது தேர்வு, ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு, அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு மூன்றையும் கொடுத்தது. என் கணக்கில் அன்று பஃபலோவுக்கு ஏ, கான்சஸ் சிட்டிக்கு சி. பஃபலோ 27ஆவதில் எடுத்த ட்ரெடேவியஸ் ஒயிட்டும் உண்மையிலேயே நல்ல கார்னர்பேக், அதாவது ரிசீவர்களைத் தடுக்கிறவர். கான்சஸ் சிட்டி எடுத்தது குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸை, அன்று அதன் பயிற்சியாளர் 1999இல் மெக்நாப்பை எடுத்த அதே ஆண்டி ரீட், குவார்ட்டர்பேக்குக்குத் தனித் தராசு என்பது அவருக்கு அப்போதே பழக்கம். பஃபலோ அடுத்த ஆண்டு தானும் மேலேறி, ஏழாவது இடத்தில் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனைப் பிடித்தது. 2020 முதல் 2024 வரையிலான சீசன்களில் இரண்டு அணிகளும் பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுகளில் நான்கு முறை மோதின, நான்கிலும் மஹோம்ஸ்தான் ஜெயித்தார்.