கறுப்புப் பட்டைத் தீயணைப்புக் கலனில் ஏன் முள் இல்லை?

பினாங்கு லெபோ பாசாரிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு கடைவீட்டின் படிக்கட்டோரம் பாருங்கள். பவுடர் தீயணைப்புக் கலனில் பச்சைக் கோட்டில் ஒரு முள் நிற்கும். அதனருகே, வாயு பீய்ச்சும் அகலக் கொம்போடு தொங்கும் கறுப்புப் பட்டைக் கரியமில வாயுக் கலனில் அழுத்தமானியே இருக்காது. கழன்று விழுந்துவிடவில்லை, வைத்தாலும் அது உண்மையைச் சொல்லாது.

உள்ளே இருப்பது அழுத்தத்தால் திரவமாக்கிய கரியமில வாயு. 20 டிகிரியில் அதன் அழுத்தம் சுமார் 57 பார். பாதி கசிந்துபோனாலும் மிச்சத் திரவம் ஆவியாகி அதே 57 பாரைக் கட்டிக்காக்கும், நம் வீட்டுக் கேஸ் தோம்பு மாதிரி. நம்மூர் வெயிலில் கதை இன்னும் சிக்கல். 3 லிட்டர் சிலிண்டரில் 2 கிலோ அடைப்பது வழக்கம். 28 டிகிரியை எட்டுவதற்குள் திரவம் விரிந்து சிலிண்டரை முழுக்க நிறைத்துவிடும். 31 டிகிரிக்கு மேல் திரவம், வாயு என்ற பேதமே மறைந்துவிடும். கோலாலம்பூரின் 33 டிகிரிப் பிற்பகலில் முள் ஒன்று இருந்தால் அது காட்டுவது பெரும்பாலும் வெயிலைத்தான்.

அதனால் தராசுதான் கதி. கலனில் பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிடுங்கள். வாயுவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோ கலனில் 200 கிராம், குறைந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். போம்பா (தீயணைப்புத் துறை) ஸ்டிக்கரில் தேதி சரியாக இருந்தாலும் இதைச் செய்வது நல்லது.

பின்னை உருவிப் பிடியை அழுத்தினால், அடிவரை இறங்கும் குழாய் வழியே திரவம் மேலேறும். கலனைக் கவிழ்த்தால் குழாயின் வாய்க்குத் திரவம் எட்டாது. வெளியே வந்ததும் ஒரு பகுதி மைனஸ் 78 டிகிரிப் பனித்தூளாக உறையும், மற்றது வாயு. கலன் சூடாக இருக்க இருக்கப் பனி குறையும். கொம்பு அகலமாக இருப்பது வேகத்தைத் தணிக்க. இல்லையேல் பீய்ச்சும் வாயு காற்றையும் இழுத்துக்கொண்டு நெருப்புக்கே ஊட்டும். கொம்பை வெறுங்கையால் பிடித்தால் தோல் உறைந்துபோகும்.

அணைப்பது குளிர் அல்ல, மூச்சுமுட்டல். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு ஆக்சிஜனை விலக்குகிறது. சுவிட்ச் போர்டுக்கு இதைவிடத் தோதானது இல்லை: மின்சாரம் பாயாது, கறையும் விடாது. ஆனால் மெயின் சுவிட்சை அடைக்காவிட்டால், வாயு கலைந்ததும் சூடான கம்பி மறுபடி பற்றும். விறகு, துணி மூட்டைக்கும் இதே கதிதான். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியில் அடித்தால் எண்ணெய் சிதறும்.

அணைப்பவருக்கும் அதே மூச்சுமுட்டல்தான். 5 கிலோ கலன் சுமார் 2.8 கன மீட்டர் வாயுவாக விரியும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் சர்வர் அறையை மூடிக்கொண்டு முழுவதையும் அடித்தால், காற்றில் பத்து சதவீதத்துக்கு மேல் கரியமில வாயு. மயங்கி விழ ஓரிரு நிமிடம் போதும். வாசலில் நின்று அடியுங்கள், அணைந்ததும் வெளியேறிக் கதவைத் திறந்து வையுங்கள்.

ஒரே வினாடி அழுத்தியிருந்தாலும் கலனை மறுபடி ஆணியில் மாட்டாதீர்கள். வால்வு சரியாக மூடாமல் போகலாம். அப்படியானால் மிச்சம் சத்தமில்லாமல் கசிந்துபோகும்.