கடல் பக்கம் கிடக்கும் சிப்பி ஓடு

அமெரிக்காவின் வட கரோலினா கடலோரத்தில் நீளும் தீவு வரிசையில் ஓக்ரகோக் என்று ஒரு தீவு. பாலம் கிடையாது. படகில் வருகிறவர்கள் சில்வர் லேக் என்ற சின்னத் துறையில் கட்டிவிட்டு, தீவின் அந்தப் பக்கம் இருக்கும் அட்லாண்டிக் கடற்கரைக்குப் போவார்கள். இந்தத் தீவு வரிசையின் கடற்கரைகளில் கறுத்துப்போன ஆயிஸ்டர் சிப்பி ஓடு ஒன்று காலில் தட்டுப்பட்டால், கையில் எடுத்துப் பாருங்கள். அந்தச் சிப்பி பேரலை அடிக்கும் இந்தப் பக்கம் வளர்வதில்லை, தீவுக்குப் பின்னால் இருக்கிற பாம்லிக்கோ காயலின் அமைதியான தண்ணீரில்தான் வளரும். கொல்லைப்புறத்துப் பொருள் வாசலுக்கு எப்படி வந்தது? ஓடு கிடந்த இடத்திலேயேதான் கிடந்தது, தீவுதான் அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் போய்விட்டது!

புயல் அடிக்கும்போது அலை மணல்மேட்டை உடைத்து, கடல் பக்கத்து மணலை அள்ளிக்கொண்டு போய்த் தீவின் முதுகில் விசிறி மாதிரி பரப்பும், அப்புறம் அதில் புல் முளைத்து மணலைப் பிடித்துக்கொள்ளும். முன்னால் கரையும், பின்னால் வளரும். கடல் மட்டம் உயர உயர, தீவு இப்படி நிலத்தை நோக்கிப் பின்வாங்கித்தான் உயிர் பிழைக்கிறது. 1930களில் சாலையையும் வீடுகளையும் காக்க நீளமான மணல்மேடுகளை எழுப்பினார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் பின்பக்கத்துக்கு மணல் போகிற வழி அடைபட்டது, முன்பக்க அரிப்போ நிற்கவில்லை. பக்கத்துத் தீவில் ஹட்டரஸ் கலங்கரை விளக்கம் 1870-இல் கட்டப்பட்டபோது கடல் சுமார் 450 மீட்டர் தள்ளி இருந்தது. கடல் அடிவாரத்தை நெருங்கிவிட்டதால், 1999-இல் அவ்வளவு பெரிய கோபுரத்தை அப்படியே தூக்கி ஏறக்குறைய 880 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள்.

படகுக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய கவலை முகத்துவாரம், அதாவது தீவுகளுக்கு நடுவே கடலையும் காயலையும் இணைக்கும் வாய். 1846-இல் ஒரே புயல் ஹட்டரஸ், ஆரிகன் என்று இரண்டு முகத்துவாரங்களைத் திறந்துவிட்டது. அதில் ஆரிகன் அதன் பிறகு தெற்கே மூன்று கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கிறது. காரணம், அலைகள் கரைக்குச் சாய்வாக வந்து மோதி மணலைத் தெற்கே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. வடகரையில் மணல் சேர, தென்கரை அரிபட, வாயே நடந்து போகிறது. ஓதம் ஏறும்போது, அதாவது கடல் மட்டம் அன்றாடம் உயரும் நேரத்தில், மணல் காயலுக்குள் போய்த் திட்டாகும், வற்றும்போது வெளியே வந்து வாசலில் திட்டாகும். போன வருடம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வருடம் படகு தரைதட்டலாம். அதனால்தான் இங்கே படகுக்கு வழி காட்டும் பல மிதவைகளின் இடத்தை வரைபடத்தில் குறிப்பதே இல்லை, ஆழம் மாற மாற மிதவையையும் மாற்றிப் போடுகிறார்கள்.

ஓதம் வற்றி வெளியே பாயும் நீரும், எதிரே வருகிற கடல் அலையும் வாசல் திட்டின் மேல் மோதினால் அலைக்கும் அலைக்கும் இடைவெளி குறைந்து, அலை செங்குத்தாக எழும்பி உடையும், சின்னப் படகைக் கவிழ்த்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் உள்ளே நுழையாமல், வெளியே ஆழத்தில் நின்று ஓதம் ஏறத் தொடங்கும் வரை காத்திருப்பார்கள்.